அமைப்பு கலைந்தால் ஆபத்து தீர்ந்ததா?

கேள்வி: ஐஎஸ் எனும் 'இஸ்லாமிய அரசு' பயங்கரவாத அமைப்பு 2019இல் தோற்றது, தென்கிழக்காசியாவின் ஜெமா இஸ்லாமியா பயங்கரவாத அமைப்பு 2024இல் கலைந்தது என்கிறார்கள். உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகன் எந்நேரமும் கைப்பேசியோடு இருக்கிறான். இன்னும் கவலைப்பட வேண்டுமா?

பதில்: வேண்டும். ஆனால் கவனிக்க வேண்டிய இடம் மாறிவிட்டது.

சிங்கப்பூரின் ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையத்தையும் அங்கு அமெரிக்கப் படையினர் ஏறும் பேருந்தையும் ஜெமா இஸ்லாமியாவினர் வேவு பார்த்துப் பதிவுசெய்த காணொளி நாடா, 2001இல் ஆப்கானிஸ்தானில் அல்-காய்தா தலைவர் ஒருவரின் வீட்டு இடிபாடுகளில் கிடைத்தது. முகாம், பணம், மேலிட ஒப்புதல் எல்லாம் அன்று தேவைப்பட்டன. அதனால் ஆட்களைப் பிடித்ததும் வலை அறுந்தது. பாலியில் 2002இல் 202 பேரைப் பலிகொண்ட ஜெமா இஸ்லாமியாவின் மூத்தவர்கள் 2024 ஜூன் 30 அன்று கலைப்பை அறிவித்ததற்கு, இந்தோனேசியாவில் ஆண்டுக்கணக்காக நீடித்த கைதுகள் முக்கியக் காரணம்.

ஈராக்கில் நடந்தது வேறு. சுன்னிப் பழங்குடியினர் எதிர்த்து நின்றதில் 2008வாக்கில் அங்கே அல்-காய்தா நொறுங்கியது. பிறகு சிரியாவில் போர் மூண்டது. 2013இல் ஈராக்கின் அபு கிரைப் சிறையிலிருந்து நூற்றுக்கணக்கானோர் தப்பினர். எஞ்சியிருந்த அல்-காய்தாவினர் மறு ஆண்டே ஐஎஸ் என்ற பெயரில் ஈராக்கின் மோசுல் நகரைப் பிடித்தார்கள். 2019 மார்ச்சில் சிரியாவின் பாகூஸ் கிராமத்தோடு அவர்கள் வசமிருந்த நிலம் போனது. எனவே எந்தத் தலைவர் இறந்தார் என்பதைவிட, அங்கே அரசு நிற்கிறதா, சிறைகளுக்குக் காவல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நிலம் போனாலும் காணொளிகள் போகவில்லை. 2023 பிப்ரவரியில், தீவிரவாதப் போக்குக்கு மாறியதாக இங்கே சிங்கப்பூரில் அறிவிக்கப்பட்ட இருவருக்கு வயது 15, 16. மூத்தவர் ராப்லாக்ஸ் விளையாட்டில் ஐஎஸ் போர்க்களங்களில் விளையாடியவர். இளையவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுத்து வைக்கப்பட்டார்.

கைப்பேசியைப் பறித்துத் திட்டுவதுதான் பெற்றோர் செய்யும் பெரிய பிழை. பிள்ளை வேறு கணக்குக்குப் போவான், உங்களிடம் பேசுவதையும் நிறுத்துவான். என்ன பார்க்கிறான், மார்க்கத்தை யாரிடம் கற்கிறான் என்று பொறுமையாகக் கேளுங்கள். பழைய நண்பர்களையும் தெரிந்த உஸ்தாதையும் (சமய ஆசிரியரையும்) ஒதுக்குவது, கொலையை நியாயப்படுத்துவது, மற்றவர்களைக் 'காஃபிர்' (இறைமறுப்பாளர்) என்று வெறுப்போடு பேசுவது ஆகியவை சேர்ந்து தென்பட்டால், 2003 முதல் இயங்கும் சமய மறுவாழ்வுக் குழுவை 1800-774-7747இல் அழையுங்கள். அங்குள்ள உஸ்தாதுகள் இதற்கென்றே பயின்றவர்கள். போருக்குப் போவதாகவோ தாக்குவதாகவோ ஒரு சொல் வந்தாலும் காத்திருக்க வேண்டாம். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் எண் 1800-2626-473.