அக்காவிடம் கேளுங்கள்: குடைக்காரி டீச்சரின் ராத்திரிக் கதைகள்

கேள்வி: அன்புள்ள அக்கா, என் சின்னம்மா போன ஆண்டு தவறிவிட்டார், வயது 58. பத்தொன்பது வயதில் லூபஸ் என்று கண்டுபிடித்தார்கள், அதிலிருந்து கடைசிவரை மாத்திரை, ரத்தப் பரிசோதனை, வார்டு என்றேதான் போனது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தார், முப்பது வருடம் ஞாயிறு பத்திரிகைகளுக்குச் சிறுகதை எழுதினார். குடை இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார், அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் குடைக்காரி டீச்சர். ஆண்டுத் திதிக்கு அவருடைய பன்னிரண்டு கதைகளை நினைவு மலராகப் போடுகிறோம், முன்னுரை என் தலையில். நோயைப் பற்றி ஒரு வரிகூட வரக்கூடாது என்கிறார் மாமா, அவருக்குக் கல்யாண வயதில் இரண்டு பெண்கள். அம்மாவோ 'நோயை வென்ற வீராங்கனை' என்று அட்டையிலேயே போடு என்கிறார். பதினெட்டு வயதுப் படத்தைப் போடுவதா, பின்னாளில் எடுத்ததைப் போடுவதா என்பதிலும் சண்டை. இரண்டு கதைகளைப் போட்டோஸ்டேட் எடுத்து அனுப்பியிருக்கிறேன், நீங்களே சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, கடிதத்தை அப்புறம் பார்க்கலாம் என்று கதைகளைத்தான் முதலில் எடுத்தேன். ஒன்றில் அப்பாவும் மகளும் கடைசி ஃபெரியைப் பிடித்து வீடு திரும்புகிறார்கள் (பட்டர்வொர்த்துக்கும் பினாங்குத் தீவுக்கும் நடுவில் ஓடி 2020 கடைசியோடு நின்றுபோன அந்தப் பழைய ஃபெரிதான், கார்களோடு நாமும் ஏறுவோமே). இன்னொன்றில் தைப்பூசம் முடிந்து தேர் தண்ணீர்மலை முருகன் கோயிலிலிருந்து திரும்பும் ராத்திரி, ரோட்டோரத்துத் தேங்காய்ச் சில்லுகளைக் கூடையில் பொறுக்கும் ஒரு கிழவி. இரண்டுமே ராத்திரி. சரி, தற்செயலாக இருக்கும் என்று விட்டுவிட்டுக் கடிதத்தைப் பிரித்தால் லூபஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் உடனே வாட்சாப்பில் மீதிப் பத்தையும் கேட்டு வாங்கினேன். பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை, கோயிலில் அர்த்தசாமப் பூசை, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி பஸ்ஸுக்கு இரவு ஷிப்ட் பெண்கள் நிற்கிற ரோட்டு முனை. பன்னிரண்டில் பதினொன்று பொழுது சாய்ந்த பிறகு நடக்கிறது. பகலில் நடப்பது ஒன்றே ஒன்று, அதிலும் மழை கொட்டுகிறது.

லூபஸ் வந்தவர்களுக்கு வெயில் ஆகாது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி அந்த உடம்பையே தாக்குவதுதான் இந்த நோய், வெயில் பட்டால் பலருக்கு முகத்தில் தடிப்பு கிளம்பும், மூட்டு வலி, காய்ச்சல் என்று அடங்கிக் கிடந்ததெல்லாம் எழுந்துகொள்ளும். நம் ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் சின்னம்மா நிதானமாக நின்று பார்த்த பினாங்கு மாலை ஏழரைக்கு மேல் இருந்த பினாங்கு. அதைத்தான் எழுதினார். பன்னிரண்டு கதையிலும் லூபஸ் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை, ஆனால் விளக்கு வெளிச்சம் தண்ணீரில் விழுவதை அப்படி எழுத அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் அந்தச் சொல் வாசகனுக்கு வேண்டும். மாமா சொல்வதுபோல் எடுத்துவிட்டால், ஏதோ ராத்திரியில் ஊர் சுற்றப் பிடித்த ஒரு எழுத்தாளர் என்று நினைத்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

மாமாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பெண்ணைப் பெற்றவரின் பயம் அது. அவரிடம் இதைச் சொல்லுங்கள்: லூபஸ் ஒட்டாது. ரத்த உறவில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்பது உண்மை, ஆனாலும் அப்படிப்பட்ட குடும்பங்களில்கூடப் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. இந்த நோய் வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதுவும் பிள்ளை பெறும் வயதில். அதனால் அந்த இரண்டு பெண்களும் தங்கள் அத்தைக்கு என்ன இருந்தது என்று தெரிந்துவைத்திருப்பது நல்லதுதான், நாளைக்கு டாக்டர் கேட்டால் சொல்ல வேண்டுமே. மேலும், முப்பது வருடம் குடையோடு நடந்தவரை உங்கள் தாமான் குடியிருப்பில் யாருக்குத் தெரியாது? சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கு மலரைப் படித்துத்தான் தெரிய வேண்டுமா என்ன.

அம்மாவின் பக்கம் வருகிறேன். 'வீராங்கனை' என்ற சொல்லில் எனக்கே ஒரு பழைய கடன் உண்டு. என் பெரியம்மா ஜெலுத்தோங்கில் இருந்தார், இளம் வயதிலேயே முடக்குவாதம், விரல்கள் ஒரு பக்கமாக மடங்கிப்போயின. கோலம் போடுவதில் கைதேர்ந்தவர், ஆனால் மாவை விரலிடுக்கில் பிடிக்க முடியாமல் போனதும் மைலோ டின் மூடியில் ஆணியால் துளை போட்டு, டின்னை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தட்டித் தட்டிப் போட ஆரம்பித்தார். கோடு கோடாக வராது, பனி தூவினாற்போல் வரும். பொங்கலுக்கு அடுத்த வீட்டுக்காரர்கள் அதைப் புது மாடல் என்று நினைத்துக் கேட்டுக் கற்றுக்கொண்டு போனார்கள். அவர் இறந்தபோது கருமாதி அட்டைக்கு வாசகம் எழுதியவள் நான். 'நோயைத் துணிவுடன் எதிர்த்துப் போராடி வென்றவர்'. எதை வென்றார்? விரல் கடைசிவரை நிமிரவே இல்லை. அந்த மைலோ டின்னைப் பற்றி ஒரு வார்த்தை எழுதத் தோன்றவில்லை எனக்கு, டின்னும் வீடு காலி செய்தபோது குப்பைக்குப் போய்விட்டது. இதை உங்கள் அம்மாவிடம் படித்துக்காட்டுங்கள்.

மறைப்பது பற்றி இன்னும் ஒன்று. ஃபிளானரி ஓ'கானர் என்று ஒரு அமெரிக்க எழுத்தாளர். அப்பா லூபஸால் 1941-இல் இறந்தபோது இவருக்குப் பதினைந்து வயது. இருபத்தைந்தில் இவருக்கும் அதே நோய். ஆனால் அம்மா அவரிடம் சொல்லவில்லை, மூட்டுவாதம் என்றே நம்பவைத்திருந்தார், 1952-இல் ஒரு தோழிதான் உண்மையைச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் அதை மூடி மறைக்கவில்லை, கடிதங்களில் ஊன்றுகோலைப் பற்றிக் கிண்டலாக எழுதுவார், தினமும் காலையில் இரண்டு மூன்று மணி நேரம் எழுத்து, தெம்பு அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டு வேலை செய்தார். நோய் அவரை ஜார்ஜியாவில் அம்மாவின் பண்ணைக்கே திருப்பி அனுப்பியது, அந்தப் பண்ணையும் அக்கம்பக்கத்து மனிதர்களும் அவர் வளர்த்த மயில்களும் கதைகளில் வந்து உட்கார்ந்துகொண்டன. 1964-இல் முப்பத்தொன்பது வயதில் போய்ச் சேர்ந்தார்.

நேர் எதிரானவரும் உண்டு. நம் ஆர். சூடாமணி (1931–2010). உடல் குறையால் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்து, நூற்றுக்கணக்கில் கதை எழுதி, ஓவியமும் வரைந்து, சொத்தையெல்லாம் அறப்பணிகளுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனவர். தன் உடம்பை அவர் யாரிடமும் ஒரு விஷயமாக்கியதில்லை, வருடக்கணக்காக அவர் கதைகளைப் படித்த எனக்கே மிகவும் பிற்பாடுதான் தெரியும். அது அவர் முடிவு, அதற்கும் மரியாதை உண்டு. ஆகவே மாமா என்ன சொல்கிறார், அம்மா என்ன சொல்கிறார் என்பதைத் தள்ளிவையுங்கள். சின்னம்மா என்ன செய்தார்? டைரி, கடிதம் ஏதாவது இருந்தால் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரே சாட்சி அந்தக் குடைதான், ஊர் பார்க்க முப்பது வருடம் பிடித்திருக்கிறார், ஒளிக்க நினைத்தவர் மாதிரி தெரியவில்லை.

படம்: பதினெட்டு வயதுப் படம் வேண்டவே வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரையால் கன்னம் உப்பியிருக்கிறது என்று மற்றதையெல்லாம் ஒதுக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். கதை எழுதியது அந்த உப்பிய முகம்தான்.

சில்லறை விஷயங்கள். மலேசியச் சட்டப்படி பதிப்புரிமை எழுதியவர் இறந்து 50 ஆண்டுவரை வாரிசுகளுக்கு, கணவர், பிள்ளை, பெற்றோர் யாரும் இல்லாத நிலையில் உடன்பிறந்தவர்களுக்கு. அதாவது மாமாவுக்கும் பங்கு உண்டு, அவரை ஒதுக்கிவிட்டு அச்சுக்குப் போகாதீர்கள். புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.-ஐத் தேசிய நூலகத்தில் இலவசமாகவே வாங்கலாம், அச்சானதும் 5 பிரதிகளை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். உங்கள் கைக்கு வராத கதைகள் ஏதும் தமிழ் நேசன் நாளிதழில் வந்தவையாக இருந்தால், அது 1924-இல் தொடங்கி 2019-இல் மூடிவிட்டது, அலுவலகத்தைத் தேடிப் போக முடியாது. மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தில் விசாரியுங்கள். சிங்கப்பூர் நாளிதழ் தமிழ் முரசில் எழுதியிருந்தால் வேலை சுலபம், சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது.

கேள்வி: என் தோழிகள் எல்லாரும் ஃபிரீடா காலோ படம் போட்ட டி-ஷர்ட்டும் பையுமாகத் திரிகிறார்கள். அவ்வளவு கஷ்டப்பட்டதால்தான் பெரிய ஓவியர் ஆனாரா?
– பங்சார், கோலாலம்பூர்

பதில்: கஷ்டப்பட்டால் ஓவியர் ஆகலாம் என்றால் நம் பொது ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க ஓவியர்களாக இருக்க வேண்டும். ஆறு வயதில் போலியோ, 1925-இல் பஸ் விபத்து, 1953-இல் காலை எடுத்தார்கள், எல்லாம் உண்மை. அதே ஆண்டு மெக்சிகோவில் தன் கண்காட்சிக்கு ஆம்புலன்சில் வந்து கட்டிலில் படுத்தபடியே விருந்தினரை வரவேற்றார். எனக்குப் பிடித்தது வேறு: முதுகைத் தாங்கப் போட்ட பிளாஸ்டர் உறையையும் விடவில்லை, அதன்மேலேயே வர்ணம் தீட்டிக்கொண்டார். டி-ஷர்ட்டில் இருக்கிற புருவத்தை விட்டுவிட்டு அதைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: அக்கா, என் அம்மாவுக்குச் சிறு வயதிலிருந்தே சிறுநீரகக் கோளாறு, இப்போது ஏழு வருடமாக டயாலிசிஸ், வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். டயாலிசிஸ் ஊசிக்காக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்துப் போட்ட ஃபிஸ்துலா அடைத்துப்போனதால் வலது கையில்தான் ஊசி, அந்தக் கையை அசைக்கக்கூடாது. மனசுக்குள்ளேயே பாட்டுக் கட்டிக்கொண்டு வந்து என்னை எழுதச் சொல்வார். எழுபதாவது பிறந்த நாளுக்கு அவருக்குத் தெரியாமல் புத்தகமாகப் போட்டு அசத்தலாம் என்று ஆசை. நல்ல அச்சகம் சொல்வீர்களா?
– செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அச்சகம் இருக்கட்டும் அம்மா. தெரியாமல் போடாதீர்கள். நாலு மணி நேரம் கையை அசைக்காமல் படுத்து ஒரு பாட்டை இருபது தடவை மனசுக்குள் திருப்பிப் போட்டவர் அவர், எந்த வரி எங்கே மடங்க வேண்டும் என்பதில் அவருக்குக் கறாரான கணக்கு இருக்கும், நீங்கள் அவசரத்தில் எழுதிக்கொண்டது அதுதானா என்று எப்படித் தெரியும்? டைப் செய்து, பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து அவர் கையிலேயே கொடுங்கள். டயாலிசிஸ் முடிந்து வந்த அன்றைக்கு வேண்டாம், அசந்து கிடப்பார். மறுநாள், பகல் சாப்பாட்டுக்கு அப்புறம், ஒரு சிவப்புப் பேனாவும் பக்கத்தில் வையுங்கள்.