அற்றோபின் போட்டும் நாடி ஏறவில்லை என்றால் என்ன செய்வது?

கேள்வி கேட்டவர் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பிரதேச வைத்தியசாலையில் புதிதாகச் சேர்ந்த மருத்துவர். நாடி 40க்குக் கீழே வருகிற நோயாளிக்கு நாடியை ஏற்றும் ஊசியான அற்றோபின் வேலை செய்யவில்லை என்றால், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்வரை எப்படிச் சமாளிப்பது என்கிறார். கீழேயுள்ள அளவுகள் பெரியவர்களுக்கானவை.

அற்றோபினுக்கு அசையாத நாடியைக் கண்டால் வன்னியில் மூன்றை முதலில் தேடுங்கள்: இரத்தத்தில் ஏறிய பொட்டாசியம், நஞ்சு, மாரடைப்பு.

அதற்கும் முன்னால் ஆளைப் பாருங்கள். நாடி 45, ஆனால் பிறஷர் 120, தெளிவாகக் கதைக்கிறார், கைகால் சூடாக இருக்கிறது என்றால் ஊசியைத் தொட வேண்டாம், மொனிட்டரில் விட்டால் போதும். வயலில் உழைத்து உரமேறிய உடம்புக்கு ஓய்வில் 48 இருப்பது வருத்தமே இல்லை. மேல் பிறஷர் 90க்குக் கீழே, மயக்கம், குழப்பம், நெஞ்சு நோ, நுரையீரலில் நீர், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே தொடங்க வேண்டும். ஒக்சிசன் அளவையும் மறக்காதீர்கள். மூச்சு முட்டி முட்டிக் கடைசியில் நாடி விழுந்தவருக்குக் காற்றுத்தான் மருந்து.

ஈசிஜி ஒட்டும் இடத்தில் வியர்வையைத் துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். நம் வெயிலுக்குப் பாதிக் குழப்பம் அங்கேதான் வருகிறது. இயந்திரம் காட்டும் எண்ணையும் நம்பக் கூடாது. துடிப்புக்குப் பின்னால் வரும் கூரான ரி அலையையும் ஒரு துடிப்பாக எண்ணி 36ஐ 72 என்று காட்டிவிடும். 30 பெரிய கட்டங்களுக்குள் எத்தனை கியூஆர்எஸ் (இதயத்தின் கீழறை துடிப்பதைக் காட்டும் அலை) என்று எண்ணிப் பத்தால் பெருக்குங்கள்.

அற்றோபின் 0.6 மி.கி. குப்பி என்றால் இரண்டை ஒன்றாக, வேகமாக ஏற்றுங்கள். 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, மொத்தம் 3 மி.கி. வரை, அதாவது ஐந்து குப்பி. பயந்து பயந்து அரைக் குப்பி போட்டால் நாடி இன்னும் இறங்கக்கூடும்.

இனிப் பொட்டாசியம். வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நோயாளிகளில் பலர் லோசாட்டன், எனலாபிரில், ஸ்பைரனோலக்டோன் போன்ற பொட்டாசியத்தை ஏற்றும் குளிசைகளைப் போடுகிறவர்கள். கூடவே நாடியை இறக்கும் பிறஷர் குளிசையான அற்றனலோல் இருந்தால் கதை மோசம்: சிறுநீரகம் தளர அற்றனலோல் உடம்பில் தேங்கும், நாடி இறங்கும், இரத்தம் குறைய சிறுநீரகம் இன்னும் தளரும், பொட்டாசியம் இன்னும் ஏறும். இரண்டு நாள் வயிற்றோட்டமே இந்தச் சுழலைத் தொடக்கப் போதும். ஆகவே குளிசைப் பையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். டயலிசிஸ் தவறியதா என்று கேளுங்கள்.

ஈசிஜியில் கியூஆர்எஸ்ஸுக்கு முன்னால் வரும் சிறிய பி அலை மறைந்து, கியூஆர்எஸ் அகன்று, நாடியும் மெதுவாக இருந்தால் இரத்த முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். 10 வீதக் கல்சியம் குளுக்கோனேற் 10 மி.லீ. ஐந்து நிமிடத்தில் ஏற்றுங்கள். ஈசிஜி மாறாவிட்டால் இன்னும் 10, பிறகு இன்னும் 10. கியூஆர்எஸ் கண்முன்னே ஒடுங்குவதைப் பார்க்கலாம். ஆனால் கல்சியம் இதயத்தைக் காப்பது அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான், பொட்டாசியத்தை அது இறக்குவதில்லை. அதற்குச் சாதாரண இன்சுலின் 10 யூனிற், 50 வீத டெக்ஸ்ரோஸ் 50 மி.லீ.யுடன், கூடவே சல்பியூற்றமோல் 10 மி.கி. புகையாக. பல மணி நேரம் கழித்தும் சீனி விழும், அரை மணிக்கொருமுறை விரலில் குத்திப் பாருங்கள். கல்சியம் போன குழாயிலேயே சோடியம் பைகாபனேற்றை விட்டால் சுண்ணாம்பாகக் கட்டிக் குழாய் அடைத்துவிடும்.

நஞ்சில் இரண்டு. வயலுக்குப் பூச்சிமருந்தடித்தவர் வாயில் நுரை, சுருங்கிய கண்மணி, ஈர நெஞ்சோடு வந்தால் அற்றோபினின் 3 மி.கி. எல்லையை மறந்துவிடுங்கள். 1.8 முதல் 3 மி.கி.யில் தொடங்கி, நெஞ்சு காய்ந்து நாடி 80ஐத் தாண்டும்வரை ஐந்து நிமிடத்துக்கொருமுறை இரட்டிப்பாக்குங்கள். மஞ்சள் அலரி வேறு மாதிரி: வாந்தி மட்டும்தான் என்று தோன்றும், பல மணி நேரம் கழித்து முழு இதய அடைப்பு (மேலறையின் மின்துடிப்பு கீழறைக்குப் போகாத நிலை) வரும். நன்றாக இருக்கிறார் என்று வார்ட்டுக்கு அனுப்பாமல் 24 மணி நேரமாவது மொனிட்டரில் வையுங்கள். இங்கே பொட்டாசியம் ஏறினால் கல்சியத்தைத் தவிர்த்து இன்சுலினில் தொடங்குவதே வழக்கம். அலரி நஞ்சுக்கும் கேட்கும் டிகொக்சின் எதிர்ப்பொருள் எங்கே இருக்கிறது என்று முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேளுங்கள்.

மாரடைப்பென்றால் ஈசிஜியில் இரண்டு, மூன்று, ஏவிஎஃப் பகுதிகளைப் பாருங்கள். அடிப்பக்க மாரடைப்பில் வரும் அடைப்பு பெரும்பாலும் அற்றோபினுக்கு இசையும். நைத்திரேற் வேண்டாம், பிறஷர் சரிந்துவிடும்.

காரணம் எதுவானாலும் நாடி ஏறவில்லையா? அட்ரினலின் 1 மி.கி.யை 500 மி.லீ. சேலைனில் கலந்தால் ஒரு மி.லீ.யில் 2 மைக்ரோகிராம். பம்ப் இல்லாத இடத்தில் ஒரு மி.லீ.க்கு 20 துளி விழும் குழாயில் நிமிடத்துக்கு 20 துளியில் தொடங்குங்கள், 100 துளி வரை போகலாம். பெரிய இரத்தக் குழாயில் மட்டும், கசிந்தால் தோல் கருகும்.

பேசிங் (வெளியிலிருந்து மின்துடிப்பால் இதயத்தைத் துடிக்க வைப்பது) வசதியுள்ள டிஃபிபிரிலேற்றர் இருந்தால் ஒரு பாட் நெஞ்சில், ஒன்று முதுகில், ஈசிஜி வயர்களும் கூடவே. வேகம் 70. தூக்க மருந்தான மிடாசோலம் சிறிதளவு கொடுத்துவிட்டு, திரையில் மின்துடிப்பைக் காட்டும் ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் அகன்ற கியூஆர்எஸ் வரும்வரை பத்துப் பத்து மில்லிஅம்பியராக ஏற்றுங்கள். பெரும்பாலும் 50க்கும் 100க்கும் இடையில் பிடிக்கும். திரையில் பிடித்தது போதாது, கழுத்துத் தசை துடிப்பதே நாடி மாதிரி ஏமாற்றும். தொடை இடுக்கில் கைவைத்து நாடியை உறுதி செய்தபின் இன்னும் 10 கூட்டி விடுங்கள்.

பரந்தன் வீதியில் ஏறுமுன் பற்றரி நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள், பேசிங் அதை வேகமாகக் குடிக்கும். இரண்டாவது நரம்பு ஊசி, கலந்து வைத்த அட்ரினலின், இன்னும் இரண்டு குப்பி கல்சியம், சீனி பார்க்கும் கருவி எல்லாம் அம்புலன்ஸில் இருக்கட்டும். ஈசிஜியைப் படமெடுத்து வாட்சப்பில் அங்குள்ள மருத்துவருக்கு முதலே அனுப்பிவிட்டால், கட்டிலோடு ஆள் தயாராக நிற்பார்கள்.