என் குரலில் தாலாட்டலாமா?

சென்ற மாதம் இப்பகுதியில் தாலாட்டுப் பாடல்களைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டுப் பலர் கடிதம் அனுப்பியுள்ளனர். அவற்றுள் ஐந்து கடிதங்களுக்கு இம்முறை விடையளிக்கிறேன்.

கேள்வி: எனக்கு இரண்டு மாதப் பெண் குழந்தை இருக்கிறாள். எனக்குப் பாட வராது. ஒரு தாலாட்டுகூட முழுதாகத் தெரியாது. அதனால் கைப்பேசியில் பாடலை ஒலிக்கவிட்டுத் தூங்கவைக்கிறேன். “பெற்றவள் வாயால் இரண்டு வரி பாடினால் என்ன?” என்று என் மாமியார் கேட்கிறார். குழந்தைக்கு இதில் உண்மையிலேயே வேறுபாடு உண்டா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: உண்டு. ஆனால் கைப்பேசிப் பாட்டு பயனற்றது என்று நான் சொல்ல மாட்டேன். கனடாவின் மாண்ட்ரீல் பல்கலைக்கழகத்தில் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு அவர்கள் அறியாத துருக்கிய மொழிப் பாடல்களை ஒலிப்பதிவாகக் கேட்கச் செய்தபோது, அவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் வரை சிணுங்காமல் இருந்தனர். பேச்சைக் கேட்டபோதோ நான்கு நிமிடத்திற்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பொறுத்திருந்தனர். ஆகவே பாட்டின் ஒழுங்கான நடைக்கே, அது எங்கிருந்து வந்தாலும், அமைதிப்படுத்தும் ஆற்றல் இருக்கிறது.

எனினும் உங்கள் குரலுக்கு வேறொரு உரிமை இருக்கிறது. கருவில் ஆறேழு மாதம் ஆனதுமே குழந்தைக்குக் கேட்கும் திறன் வந்துவிடுவதால், பிறப்பதற்கு முன்பே அது நெடுநேரம் கேட்டுப் பழகிய குரல் உங்களுடையதுதான். அமெரிக்காவில் 1980-இல் வெளியான ஆய்வொன்றில், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள், தாம் சப்பும் முறையை மாற்றிக்கொண்டால் தாயின் குரல் ஒலிக்கும் என்பதை உணர்ந்து, வேறொரு பெண்ணின் குரலை விட்டுத் தாயின் குரலையே கேட்டு வாங்கிக்கொண்டன. அந்தத் தாய்மார்கள் பாடவில்லை. ஒரு கதையை வாசித்திருந்தார்கள், அவ்வளவுதான். குரல் இனிமையானதா, சுருதி சேர்ந்ததா என்ற கணக்கு குழந்தையிடம் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். குழந்தையின் கண் செருகத் தொடங்கியதும் நீங்கள் தானாகவே குரலைத் தாழ்த்துவீர்கள். அது திடுக்கிட்டால் மீண்டும் முதல் வரிக்கு வருவீர்கள். மூச்சு சீரானதும் சொற்களை விட்டுவிட்டு வெறும் ‘உம்’ என்ற ஒலியில் நிற்பீர்கள். கைப்பேசிக்கு இது தெரியாது. அது அடுத்த பாடலுக்குப் போய்விடும், சில வேளைகளில் இடையே உரத்த விளம்பரத்தையும் போடும். கைப்பேசியைப் பயன்படுத்துவதானால் தொட்டிலுக்குள் வைக்காமல், தொலைவில், தாழ்ந்த ஒலியில் வையுங்கள்.

பாடல் தெரியாது என்பதற்காகத் தயங்க வேண்டாம். ‘ஆராரோ ஆரிரரோ’ என்ற ஒரே வரியோடு உங்கள் மகளின் பெயரையும், அவளுடைய தாத்தா, மாமன், அத்தை ஆகியோர் பெயர்களையும், இன்று அவளுக்கு யார் என்ன வாங்கி வந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டே போனால் அதுதான் தாலாட்டு. நம் ஊர்ப் பெண்கள் அப்படித்தான் கட்டினார்கள். முத்துக்குளிக்கும் ஊரில் முத்தும் தோணியும், நெசவாளர் தெருவில் தறியும் பாவும், வயற்காட்டில் நெல்லும் கரும்பும் பாட்டுக்குள் வந்தன.

கேள்வி: தாலாட்டு என்ற சொல்லின் பொருள் என்ன? ஆராரோ என்பதற்குப் பொருள் உண்டா? – வாசகர், விருத்தாசலம்

பதில்: தால் என்றால் நாக்கு. நாவை ஆட்டி எழுப்பும் ஒலியால் குழந்தையை உறங்கச் செய்வதால் தாலாட்டு எனப் பெயர் வந்தது என்பதே பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். பிள்ளைத்தமிழ் நூல்களின் பத்துப் பருவங்களுள் காப்பு, செங்கீரை ஆகியவற்றை அடுத்து மூன்றாவதாக வருவது தாலப் பருவம். வட்டாரத்திற்கேற்ப ஓராட்டு, ரோராட்டு, தாராட்டு என்றும் சொல்வர். ‘ஆராரோ’ என்பதை ‘யார் யாரோ’ என்று பிரித்துப் பொருள் காண்போர் உண்டு. எனக்கு அதைவிட, நாவின் நுனி ரகரத்தில் உருண்டுகொண்டே இருக்கும் அந்த ஒலியே போதுமான பொருளாகத் தோன்றுகிறது.

கேள்வி: நான் குழந்தையின் தந்தை. இரவில் குழந்தையை உறங்கவைக்கும் பொறுப்பு என்னுடையது. நான் பாடினால், “ஆம்பளை தாலாட்டுப் பாடுவதா?” என்று உறவினர்கள் சிரிக்கிறார்கள். தாலாட்டு பெண்களுக்கே உரியதா? – வாசகர், ஓசூர்

பதில்: சிரிப்பவர்களிடம் பெரியாழ்வாரைப் பற்றிச் சொல்லுங்கள். தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் பழமையான தாலாட்டுகளுள் ஒன்றைப் பாடியவர் அவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பூமாலை கட்டிவந்தவர், ஆண்டாளை எடுத்து வளர்த்த தந்தை. ‘மாணிக்கம் கட்டி வயிரம் இடைகட்டி’ என்று தொடங்கும் அப்பதிகத்தில் கண்ணனுக்குப் பிரமன் பொன் தொட்டில் அனுப்புகிறான், இந்திரன் கிண்கிணி கொண்டுவருகிறான், வருணன் முத்தாரமும் பவளமும் தருகிறான். மாமன் வெள்ளிக் கொலுசு வாங்கி வந்தான், அத்தை பட்டுச் சட்டை கொடுத்தாள் என்று நம் வீட்டுப் பெண்கள் பாடும் சீர்வரிசையை, அதன் அமைப்பு மாறாமல் வானுலகத்திற்கு ஏற்றிவைத்திருக்கிறார் ஆழ்வார். வீட்டுத் தாலாட்டைக் காது கொடுத்துக் கேட்டவரால்தான் இப்படிப் பாட முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சேர மன்னராகிய குலசேகர ஆழ்வார் இன்னும் ஆழமாகச் சென்றார். திருக்கண்ணபுரத்து இறைவனை இராமனாகக் கண்டு கோசலையின் நிலையில் தாலாட்டுப் பாடியதோடு நில்லாமல், அதற்கு முந்தைய பதிகத்தில் தேவகியாக நின்று அழுகிறார். பெற்ற பிள்ளையை ஆய்ப்பாடிக்கு அனுப்பிவிட்ட தேவகி, வாய் நிறையத் ‘தாலோ’ என்று பாடும் பேறு தனக்கு வாய்க்கவில்லையே என்றும், ‘தாயரில் கடையாயின தாயே’ என்றும் தன்னையே நொந்துகொள்கிறாள். பாட முடியாமற்போன தாலாட்டுக்காக ஏங்கும் இந்தப் பாசுரத்தை எழுதியது ஓர் ஆணின் மனம். நீங்கள் தயங்காமல் பாடுங்கள்.

கேள்வி: என் பாட்டியின் தாலாட்டுகளில் துயரமே மிகுதி, பிள்ளை இல்லாதவர்களை இழிக்கும் சொற்களும், ஆண் பிள்ளையே உயர்வு என்ற எண்ணமும் அவற்றில் இருக்கின்றன. இவற்றை என் மகளுக்குப் பாட மனம் வரவில்லை. – வாசகி, கோவில்பட்டி

பதில்: துயரத்தையும் இழிவையும் பிரித்துப் பார்ப்போம். கூட்டுக் குடும்பத்தில் மருமகளாக வந்த பெண்ணுக்கு வாய்விட்டுப் பேச இடமில்லாத காலத்தில், எதையும் திருப்பிச் சொல்லாத ஒரு செவி தூளிக்குள் இருந்தது. அண்ணன் சீர் கொண்டுவரவில்லை என்பதும், கணவன் வீடு திரும்ப நேரமாகிறது என்பதும், பிறந்த ஊருக்குப் போய் நாளாயிற்று என்பதும் குழந்தையிடம் சொல்வதுபோல் பாடப்பட்டன. திண்ணையில் இருந்த மாமியார் காதிலும் அவை விழுந்தன. ஒப்பாரி பாடிய அதே பெண்கள்தாம் தாலாட்டும் பாடினார்கள் என்பதால் இரண்டின் இசையும் சில ஊர்களில் மிக நெருங்கி ஒலிக்கும். பாடுகிறவளையும் தாலாட்டு ஆற்றுகிறது. 2013-இல் அமெரிக்காவில் 11 மருத்துவமனைகளில் 272 குறைமாதக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு, பெற்றோர் தாம் விரும்பும் மெட்டைத் தாலாட்டாகப் பாடியபோது குழந்தைகளின் நிலை மேம்பட்டதோடு பெற்றோரின் மனஅழுத்தமும் குறைந்ததைப் பதிவுசெய்தது. எனவே துயரமான வரிகளுக்கு அஞ்ச வேண்டாம். குழந்தை கேட்பது உங்கள் குரலின் நிதானத்தைத்தான்.

ஆனால் ‘மலடி’ என்ற சொல்லையும், பெண் பிறந்ததற்கு வருந்தும் வரிகளையும் நீங்கள் தயங்காமல் நீக்கிவிடலாம். அப்பாடல்களைப் பாடிய ஒவ்வொரு பெண்ணும் சொற்களை மாற்றித்தான் பாடினாள். மாற்றுவது மரபை மீறுவது ஆகாது. பாரதிதாசன் ஆண் குழந்தைக்கு ஒன்றும் பெண் குழந்தைக்கு ஒன்றுமாகத் தாலாட்டு எழுதினார். பெண் குழந்தைக்கான பாடலில், மூடத்தனத்தின் நாற்றம் வீசும் காட்டை மணக்கச் செய்ய வந்த கற்பூரப் பெட்டகம் என்று அவளை அழைக்கிறார். உங்கள் பாட்டியின் மெட்டில் நீங்களும் அப்படியொரு சொல்லை வைக்கலாம்.

இதே வாசகி, எவ்வளவு பாடினாலும் சில இரவுகளில் அழுகை நிற்பதில்லையே என்றும் கேட்டிருக்கிறார். முதல் வாரங்களில் அழுகை கூடிக்கொண்டே போய், ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்தை அடைந்து, மூன்று நான்கு மாதங்களில் பெரிதும் தணிவது இயல்பு. பசி, ஈரத்துணி, புழுக்கம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட முடிவின்படி, அழும் குழந்தையை ஐந்து நிமிடம் தூக்கிக்கொண்டு நடந்து, உறங்கியபின் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியிலேயே வைத்திருந்து, பிறகு படுக்கவைத்தால் விழித்துக்கொள்வது குறைகிறது. தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தபடியே பாடிய நம் பாட்டிமார் செய்ததும் இதுவே. மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் இருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: எண்பது வயதைக் கடந்த என் அப்பத்தாவுக்கு நிறையத் தாலாட்டுகள் தெரியும். பதிவுசெய்யலாம் என்று கைப்பேசியை நீட்டினால், “எல்லாம் மறந்துபோச்சு” என்று சொல்லிவிடுகிறார். என்ன செய்வது? – வாசகர், சிவகங்கை

பதில்: அவர் மறக்கவில்லை, கை சும்மா இருக்கும்போது பாட்டு வருவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் மாணவர்களோடு ஒரு சிற்றூருக்குப் பாடல் சேகரிக்கச் சென்றபோது எனக்கும் இதே விடைதான் கிடைத்தது. ஒரு மூதாட்டி காலை முழுவதும் இரண்டு வரிகளுக்கு மேல் நகரவில்லை. பிறகு அவரே எழுந்து, அம்மிக் குழவியை ஒரு பழந்துணியில் சுற்றினார். பெயர்சூட்டும் நாளில் தொட்டிலில் முதலில் குழவிக் கல்லை இடும் வழக்கம் அவ்வூரில் உண்டு. உத்தரத்தில் சேலையைத் தூளியாகக் கட்டச் சொல்லி, கல்லை அதில் கிடத்தி ஆட்டத் தொடங்கினார். கை முன்னும் பின்னும் போய்வந்த அந்த ஆட்டத்தோடு சொல்லும் சேர்ந்துகொண்டது.

உங்கள் வீட்டிலும் தூளி கட்டுங்கள். கைப்பேசியை அவர் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். ஆனால் பதிவுசெய்யப்போவதை முன்பே அவரிடம் சொல்லி அனுமதி பெற்றுவிடுங்கள். நடுவில் நிறுத்திப் பொருள் கேட்காதீர்கள். பாட்டில் வரும் ஊர்ப் பெயர்களையும் உறவுப் பெயர்களையும் பாடி முடித்தபின் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மூதாட்டி அன்று அரை மணி நேரத்திற்கு மேல் பாடினார். முடித்ததும், கல்லைத் தூளியிலிருந்து எடுக்கும்போதுகூட, தலைப்பக்கத்தை உள்ளங்கையில் தாங்கியே எடுத்தார்.