பச்சை உடம்பும் பதினெட்டு மாதமும்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறேன். வயது 31. கல்யாணத்துக்குப் பிறகுதான் சைக்கிளும் நீச்சலும் பழகினேன். கோவாவில் நடக்கும் அரை தூர டிரையத்லானை, அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டியை, ஒருமுறை முடித்திருக்கிறேன். குழந்தைக்கு இப்போது எட்டு மாதம். அடுத்து முழு தூரம், முடிந்தால் ஒருநாள் அதையே தொழிலாகச் செய்யவேண்டும் என்பது என் ஆசை. அமெரிக்காவின் செல்சி சொடாரோ குழந்தை பெற்ற பதினெட்டு மாதத்தில் ஹவாயில் முழு தூர டிரையத்லானில் உலக சாம்பியன் ஆனார் என்று படித்தேன். நானோ ஏற்காடு ரோட்டில் இரண்டு வளைவு ஏறுவதற்குள் மூச்சு வாங்கி இறங்கிவிடுகிறேன். ஓடினால் வெளியே சொல்ல முடியாத ஒரு தொல்லையும் இருக்கிறது. மாமியார், "பச்சை உடம்புக்காரி, புள்ளைய விட்டுட்டு மலைக்கு எதுக்குப் போற?" என்கிறார். அவர் கெட்டவர் இல்லை, குழந்தையைப் பார்த்துக்கொள்வதே அவர்தான். கணவருக்கு ஷிஃப்ட் வேலை. "உனக்கு முடிஞ்சா போ" என்கிறார். அந்தப் பெண்ணால் முடிந்தது என்னால் ஏன் முடியவில்லை? விட்டுவிடலாமா அக்கா?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

மாமியார் சொன்னதைவிட உங்கள் கணவர் சொன்னதுதான் என்னை உறுத்தியது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில், கூச்சப்பட்டு ஒரு வரியில் தாண்டிப் போனீர்களே, அந்த விஷயம்.

ஓடும்போது சிறுநீர் கசிகிறது, அதுதானே? எனக்கும் கசிந்தது. என் மகனுக்கு இப்போது 14 வயது. அவன் பிறந்த ஏழாவது வாரம், என்னைப் பார்த்த மருத்துவர் தையலை மட்டும் பார்த்துவிட்டு, "எல்லாம் ஆறிடுச்சு, வழக்கம்போல இருக்கலாம்" என்றார். எனக்கு வழக்கம் என்றால் ஓட்டம். மறுநாளே காந்தி ஸ்டேடியத்தில் ஓடினேன். இரண்டாவது சுற்றில் நனைந்துவிட்டது. துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஐந்து மாதம் கறுப்பு பேண்ட்டில் மறைத்துக்கொண்டு ஓடினேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயத்துக்கு அத்தனை மாதம் அழுதிருக்கிறேன்.

உங்கள் மாமியார் சொல்லும் பச்சை உடம்பு பொய் இல்லை. கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே ஆறு வாரம் ஆகும். அது வெளியே தெரியாத காயம். சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்குகிற இடுப்புத்தளத் தசைகள் பத்து மாதச் சுமையில் நைந்து, பிரசவத்தில் இழுபட்டுப் போயிருக்கும். ஓட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் தரையிலிருந்து உடல் எடையைவிட அதிகமான விசை திரும்பி வருகிறது, அதன் அதிர்ச்சியை அந்த இடமும் தாங்க வேண்டும். 2019-இல் பிரிட்டனின் பிசியோதெரபிஸ்டுகள் சிலர் இதற்கென்றே ஒரு வழிகாட்டி எழுதினார்கள். முதல் 12 வாரம் ஓட்டமே வேண்டாம், அதற்குப் பிறகும் ஆறு மாதம் வரை படிப்படியாகத்தான் என்கிறது அது. கசிவு, அடிவயிற்றில் கனம், எதுவோ இறங்குவதுபோன்ற உணர்வு, இதில் எது இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு முதலில் பரிசோதிக்கச் சொல்கிறது.

எட்டு மாதம் ஆகியும் உங்களுக்குத் தீரவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரிடமோ பெண்கள் நலம் தெரிந்த பிசியோதெரபிஸ்டிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தத் தசைகளுக்கான பயிற்சி எளிதுதான்: சிறுநீரை அடக்குவதுபோல உள்ளே இறுக்கி, சில நொடி பிடித்து, முழுசாகத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு எட்டு தடவையாவது, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம். எனக்கு அதில்தான் சரியானது. அதுவரை சைக்கிளும் நீச்சலும் இருக்கின்றன. மூச்சு வாங்குவதற்கு ஹீமோகுளோபினையும் தைராய்டையும் ஒருமுறை பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு ஹீமோகுளோபின் இறங்கியிருக்கலாம், சிலருக்குத் தைராய்டும் மாறியிருக்கலாம், அதைச் சோம்பல் என்று நினைத்து நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். பால் கொடுக்கும் உடம்புக்கு நாளுக்கு 500 கலோரிக்கு மேல் கூடுதலாக வேண்டும். வெறும் காபியைக் குடித்துவிட்டு அடிவாரத்துக்குக் கிளம்பாதீர்கள். கம்மங்கூழோ ராகிக் களியோ, வயிறு நிறையச் சாப்பிடுங்கள்.

சரி, பதினெட்டு மாதம்.

சொடாரோவுக்கு 2021 மார்ச்சில் மகள் பிறந்தாள். 2022 அக்டோபரில், அந்த உலகப் போட்டி நடக்கும் ஹவாயின் கோனாவில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் ஒரு முழு மாரத்தான், எல்லாவற்றையும் 8 மணி 33 நிமிடத்தில் முடித்து ஜெயித்தார். கோனாவில் அவருக்கு அதுதான் முதல் போட்டி. இங்கிருந்து கோவைக்குப் போகிற தூரத்தைவிட அதிகமாகச் சைக்கிள் மிதித்துவிட்டு அதற்குப் பிறகு ஓட வேண்டும். எனக்கும் அன்று உடம்பு சிலிர்த்தது. ஆனால் அந்தப் பதினெட்டு மாதத்துக்கு முன்னால் பல வருட ஓட்டம் இருக்கிறது. கல்லூரி நாளிலேயே அமெரிக்காவின் முன்னணி ஓட்டக்காரர்களில் ஒருவர் அவர். பயிற்சிதான் அவருக்கு வேலை. இன்னொன்றையும் அவரே வெளிப்படையாகப் பேசினார்: குழந்தை பிறந்த பிறகு கடுமையான பதற்றமும், வேண்டாத எண்ணங்கள் விடாமல் திரும்பத் திரும்ப வரும் ஓசிடியும் தன்னை வாட்டியதாக. ஜெயித்த படத்தில் அது தெரியாது. உங்களுக்கும் ராத்திரியில் காரணமில்லாமல் நெஞ்சு படபடத்தால், குழந்தைக்கு ஏதோ ஆகிவிடும் என்ற நினைப்பு விடாமல் சுற்றினால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மிரிண்டா கார்ஃப்ரே 2010, 2013, 2014 என்று மூன்று முறை கோனாவில் ஜெயித்தவர். 2017-இல் மகள் பிறந்தாள், அடுத்த வருடமே அங்கே ஐந்தாவதாக வந்தார். கணவரும் அதே விளையாட்டுக்காரர். நீண்ட சைக்கிள் பயிற்சி என்றால் எத்தனை மணி நேரம், திரும்பி வரும் உடம்புக்கு என்ன வேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்தவர் நடாஷா பாட்மான். சுவிட்சர்லாந்துக்காரர். 17 வயதில் தாயானவர். அதற்குப் பல வருடம் கழித்துத்தான் விளையாட்டுக்கே வந்தார். 1998-இல் கோனாவில் முதல் தடவை ஜெயித்தபோது அவருக்கு 31 வயது, உங்கள் வயது. அதன்பிறகு 2005 வரை இன்னும் ஐந்து தடவை ஜெயித்தார். பதினெட்டு மாதத்தை விட்டுவிட்டு இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கணவர். "உனக்கு முடிஞ்சா போ" என்பது கேட்பதற்கு அனுமதி மாதிரி இருக்கிறது. முடியும்படி செய்கிற வேலை முழுக்க அப்போதும் உங்கள் தலையில்தான். பால் எடுத்து வைப்பது, துணி ஊறப்போடுவது, மாமியாரிடம் கெஞ்சுவது, வந்ததும் குற்ற உணர்ச்சியோடு இரண்டு மடங்கு வேலை செய்வது. மலை ஏறுவதற்கு முன்பே நீங்கள் களைத்துப் போயிருக்கிறீர்கள். தொழில்முறை வீராங்கனைகளும் இதற்காகத்தான் போராடினார்கள். பரிசுப் பணமும் ஸ்பான்சரும்தான் வருமானம் என்ற விளையாட்டில், போட்டிக்குப் போகாத வருடம் கை காய்ந்த வருடம். அவர்களுடைய சங்கம் 2020-இல்தான் பிரசவ விடுப்புக்குப் பணமும் தரவரிசையில் பாதுகாப்பும் தர முன்வந்தது. அதெல்லாம் யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததில்லை, விதியாக எழுதி வாங்கியது.

நம் வீட்டிலும் எழுதித்தான் வாங்க வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். அடுக்களைக் காலண்டரில் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலை ஐந்திலிருந்து ஏழரை வரை என் பெயரை எழுதினேன். அந்த நேரத்தில் பிள்ளை அழுதால் அவன் அப்பா பார்க்க வேண்டும். முதல் மாதம் ஃபோன் மேல் ஃபோன் வந்தது. மூன்றாவது மாதம் நின்றுவிட்டது, அவரே தாலாட்டப் பழகிவிட்டார். உங்கள் மாமியாருக்கும் அப்போதுதான் ஓய்வு. எட்டு மாதக் குழந்தையைத் தூக்கித் தூக்கி அவருக்கும் இடுப்பு வலிக்கும் இல்லையா?

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஏற்காடு ஏறுவது திரும்பி வந்துவிடும். இறங்குவதுதான் எனக்கு மாறிப்போனது. முன்பெல்லாம் 20 வளைவையும் பிரேக்கை அதிகம் தொடாமல் இறங்குவதைப் பெருமையாக நினைத்திருந்தேன். பிள்ளை பிறந்த பிறகு முதல் தடவை மேலிருந்து கிளம்பியபோது எதிரே லாரி ஹாரன் கேட்டதும் கை தானாக இறுகிவிட்டது. பாதி மலையில் நிறுத்தி, சுவர்மேல் உட்கார்ந்து அழுதேன். பயந்தாங்கொள்ளி ஆகிவிட்டோம் என்று நினைத்தேன். இன்றும் மெதுவாகத்தான் இறங்குகிறேன். இறக்கத்தில் விட்ட நிமிடங்களை ஏற்றத்தில் எடுத்துக்கொள்ளலாம். என் கூட வருகிற பெண்கள் அத்தனை பேரும் அப்படித்தான்.

அடுத்த மாத ஷிஃப்ட் அட்டவணை வந்ததும் உங்கள் கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து மூன்று காலைப்பொழுதைக் குறித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். மருத்துவரைப் பார்த்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு அடிவாரத்துக்கு வாருங்கள். நாங்கள் நாலைந்து பேர் இருப்போம். அன்றைக்கு மூன்றாவது வளைவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிடலாம், எனக்கும் அவசரமில்லை.

அன்புடன்,
அக்கா