கடைசி ரவுண்டு வரை போய்த் திரும்பும் பையன்

விருதுநகரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். மகன் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். கம்பெனி இன்டர்வியூவில் ஆப்டிடியூட், கோடிங், டெக்னிக்கல் எல்லாம் தாண்டிவிட்டான், ஹெச்.ஆர். ரவுண்டில் மூன்றாம் செமஸ்டர் அரியரைக் கிளறிவிட்டு "சொல்லி அனுப்புறோம்" என்றார்களாம். அதோடு சரி, மெயில் போட்டாலும் பதில் இல்லை. தாய்மாமா ஒரு கன்சல்டன்சியைப் பிடித்திருக்கிறார். இரண்டு லட்சம் கட்டினால் இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் தருவார்களாம்.

அம்மா, அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகும் பின்னணியைச் சரிபார்ப்பார்கள். பி.எஃப். கணக்குக்கு ஒவ்வொருவருக்கும் தரும் யு.ஏ.என். எண்ணில் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதிவரை இருந்தான் என்பது பதிவாகியிருக்கும். காகிதத்தில் இருக்கும் வேலை அங்கே இல்லையென்றால், கிடைத்த வேலையும் போய்விடும். நகையை அடகு வைத்து வாங்குகிற பொருளா இது? கடன் வாங்கி வெளிநாட்டில் எம்.எஸ். என்கிறார் சித்தப்பா. முடித்தபிறகும் இதே கோடிங் ரவுண்டுதான், கூடவே இ.எம்.ஐ.

பையன் எனக்குத் தனியாக எழுதியதில், கல்லூரி லேபில் நெட்வொர்க் ஸ்விட்ச் மாற்றியது, சர்வரை எழுப்பியது பற்றித்தான் ஒரு பக்கம். அவனைப் போய்க் கோடிங் ரவுண்டுக்காக லிங்க்டு லிஸ்ட்டைத் திருப்பிப் போடச் சொல்லி எத்தனை நாள் வதைப்பது?

பட்டதாரி அப்ரண்டிஸ் என்று ஒன்று இருப்பதை வீட்டில் யாரும் சொல்லவில்லை. 1961 அப்ரண்டிஸ் சட்டத்தில் 1973-இல் பொறியியல் பட்டதாரிகளையும் சேர்த்தார்கள். ஒரு வருடப் பயிற்சி. நாட்ஸ் என்கிற தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் கிடையாது. இதைக் கவனிக்கும் அப்ரண்டிஸ் பயிற்சி வாரியத்தின் தென் மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. நெய்வேலி என்.எல்.சி. மாதிரி இடங்களில் கம்ப்யூட்டர் பட்டதாரிகளையும் எடுக்கிறார்கள். அங்கே டிகிரி மதிப்பெண்ணை வைத்துத்தான் பட்டியல், கோடிங் ரவுண்டு இல்லை. 2019 விதியில் குறைந்தபட்ச உதவித்தொகையை மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். இடத்தைப் பொறுத்துக் கூடும். முடித்தால் வாரியத்தின் சான்றிதழ். ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் கை வைத்துப் பழகியதை அடுத்த இன்டர்வியூவில் தைரியமாகச் சொல்லலாம்.

நிரந்தர வேலை தருவார்கள் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள், அந்தக் கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. படித்து முடித்துச் சில வருடங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை பார்த்தவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. மாமா வாங்கித் தரப்போகும் சான்றிதழ் இந்தக் கதவையும் அடைத்துவிடும்.

மார்க் ஷீட், டிகிரி சான்றிதழ், ஆதார், வங்கி பாஸ்புக் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு இந்த வாரமே அவனைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அண்ணனிடம் மறுத்துப் பேசச் சங்கடமாக இருந்தால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.