பாரிஸ் பிஸ்ட்ரோவில் (சிறு உணவகத்தில்) பில் ஏன் தானாக வருவதில்லை?
சாப்பிட்டு அரை மணி நேரமாகியும் பில் வரவில்லையே, அலட்சியமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கேட்காமல் பில்லை நீட்டுவது வந்தவரைக் கிளப்பிவிடுவது மாதிரி என்பது அங்கே எண்ணம். "லாதிசியோன், சில் வூ ப்ளே" (தயவுசெய்து பில்) என்றால் கொண்டுவருவார்கள். சர்வீஸ் கட்டணம் மெனு விலையிலேயே அடக்கம். டிப்ஸ் உங்கள் இஷ்டம், ஒன்றிரண்டு யூரோ சில்லறை வைத்தாலே தாராளம்.

தண்ணீருக்கு 'கராஃப் தோ' (ஜாடித் தண்ணீர்) என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் இலவசம். வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில் வந்து பில்லில் ஏறலாம். ரொட்டிக்குக் காசில்லை, அதைத் தட்டில் வைக்காமல் மேசைமேலேயே வைத்துக்கொள்வார்கள். மேசைகள் ஒட்டி ஒட்டித்தான் இருக்கும். சுவரோர இருக்கைக்குப் போக, சர்வர் மேசையையே இழுத்து வழிவிடுவார்.

அப்புறம், நுழைந்ததும் 'போன்ஷூர்' (வணக்கம்) சொல்லுங்கள், மாலையோ இரவோ என்றால் 'போன்ஸ்வார்'. இதை விட்டால்தான் சர்வரின் முகம் மாறும்.