மே 2027 லிண்ட்பெர்க் விமானப் பயண நூற்றாண்டு: நாளும் தலைப்பும்

வணக்கம். 2027 மே மாதக் கல்லூரிக் கண்காட்சியில் அமெரிக்க விமானி சார்லஸ் லிண்ட்பெர்க்கின் 1927 பயணம் பற்றிய பதாகைக்கு "விமானத்தில் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் மனிதர்" என்று தலைப்பிட்டிருப்பதாகவும், பயணத்தின் நாளாக மே 20-ஐப் போடுவதா 21-ஐப் போடுவதா என்று குழம்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். நாளைவிடத் தலைப்பைத்தான் முதலில் திருத்த வேண்டும். 1919 ஜூனிலேயே ஆல்காக், பிரவுன் என்ற இரு பிரிட்டிஷ் விமானிகள் வட அமெரிக்காவின் கிழக்குக் கரையோரத் தீவான நியூஃபவுண்ட்லாந்திலிருந்து எங்கும் இறங்காமல் பறந்து, அயர்லாந்தின் கிளிஃப்டன் அருகே ஒரு சதுப்பு நிலத்தில் மூக்குக் குப்புற வந்து இறங்கிவிட்டார்கள். லிண்ட்பெர்க்கின் பெருமை, நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை தன்னந்தனியாக, இடையில் இறங்காமல் பறந்ததில் இருக்கிறது. ஆகவே அந்த இரண்டு விவரங்களும் தலைப்பில் இருந்தே ஆக வேண்டும்.

1927 மே 20 காலை 7.52-க்கு நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் ஃபீல்டு விமானத் தளத்தில் கிளம்பியவர், ஏறத்தாழ 5,800 கிலோமீட்டரை முப்பத்து மூன்றரை மணி நேரத்தில் கடந்து, பாரிஸ் நேரப்படி 21 இரவு 10.22-க்கு லெ பூர்ஜே விமான நிலையத்தில் இறங்கினார். ஒரே நாளைத்தான் போட முடியும் என்றால் 21-ஐப் போடுங்கள். சாதனை நிறைவேறியது அன்றுதான்.

மாதிரி விமானம் செய்வதானால் முன்கண்ணாடி வைத்துவிடாதீர்கள். பெரிய பெட்ரோல் தொட்டியை விமானியின் இருக்கைக்கு முன்னால் பொருத்தியதால் நேர்ப் பார்வை அடைபட்டுப்போய், அவர் பக்கவாட்டுச் சன்னல் வழியாகவும் சிறிய பெரிஸ்கோப் வழியாகவும்தான் வெளியே பார்க்க வேண்டியிருந்தது. இடம் மிஞ்சினால், நியூயார்க்–பாரிஸ் இடையே இறங்காமல் பறப்பவருக்கென லிண்ட்பெர்க் வென்ற அதே 25,000 டாலர் ஓர்டெய்க் பரிசுக்காக, 1927 மே 8 அன்று பாரிஸிலிருந்து கிளம்பிக் காணாமற்போன பிரெஞ்சு விமானிகள் நுங்கெஸர், கோலி இருவருக்கும் ஒரு மூலை ஒதுக்குங்கள்.